ஜீப்பைக் கொண்டு பழைய படங்களின் காலம் அறிதல் (அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்)

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் ஊர் வரலாற்றை எழுத முனைவோர் கையில் கிடைக்கும் பழைய ஒளிப்படங்கள் பலவற்றில் தேதி இருப்பதில்லை. கண்மாய் உடைப்பைப் பார்க்க வந்த அதிகாரி, தேர்தல் ஊர்வலம், பள்ளிக் கட்டடத் திறப்பு என்று எந்தப் படமானாலும் ஓரத்தில் ஒரு ஜீப் நிற்கக் காணலாம். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். குண்டாற்றைக் கடக்க மணலில் இறங்கியாக வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிக்கு இங்கே வேலை இருந்தது. அது எந்தத் தலைமுறை ஜீப் என்று தெரிந்தால், படம் எந்த ஆண்டுக்கு முன் எடுக்கப்பட்டிருக்க முடியாது என்பது உறுதியாகும்.

முதலில் முகப்பைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் தகட்டு முகப்பில் ஒன்பது செங்குத்துப் பிளவுகள் உண்டு. விளக்குகள் சிறியவை, முகப்புக்குள் பதிந்தவை. மாற்றுச் சக்கரம் பின்பக்கம் தொங்கும். போர் முடிந்ததும் 1945-இல் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே.-2ஏ வண்டியில் பிளவுகள் ஏழாகக் குறைந்து, விளக்குகள் பெரிதாகி வெளியே துருத்தின. பின்னால் திறந்து மூடும் கதவு வைத்ததால் மாற்றுச் சக்கரம் பக்கவாட்டுக்குப் போயிற்று. 1949-இல் வந்த சி.ஜே.-3ஏ வண்டியை முன்கண்ணாடியால் அறியலாம்: முந்தியவற்றில் இரண்டு துண்டு, இதில் ஒரே துண்டு.

நம் வட்டாரப் படங்களுக்கு முக்கியமானது 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே.-3பி. அதுவரை என்ஜினின் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் இருந்தன. புதிய 'ஹரிகேன்' என்ஜினில் உள்வால்வுகள் தலைப்பகுதிக்கு ஏறின. என்ஜின் உயரமாகிவிட்டதால் பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. பட்டறைக்காரர்கள் 'ஹை பானட்' என்று சொல்வது இதைத்தான். அழகில்லாத வண்டி என்பார்கள். வரலாறு எழுதுபவருக்கு இதைவிட உதவும் வண்டி வேறில்லை. '1947 சுதந்திர தின விழா' என்று எழுதிய படத்தில் ஹை பானட் ஜீப் நின்றால், விழா வேறு ஆண்டினுடையது.

ஆனால் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் இதன் உற்பத்தி 1968-இல் நின்றது. மும்பையின் மகிந்திரா நிறுவனமோ உரிமம் பெற்று, என்ஜினை மாற்றியும் பெயரை மாற்றியும் இதே முகத்தோடு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தயாரித்தது. எனவே ஹை பானட் நமக்குக் கீழெல்லையை மட்டுமே தரும், மேலெல்லையைத் தராது. 1980-களின் நடுவில் பெஜோ டீசல் என்ஜினோடு எம்.எம். 540 வந்தபோது பானட் மறுபடி தாழ்ந்தது. எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் போட்டியிட்டு வென்ற 1977 தேர்தல் காலத்தது என்று சொல்லப்படும் படத்தில் எம்.எம். 540 தென்பட்டால் அந்தக் குறிப்பை நம்பக் கூடாது. 2010-இல் வந்த தார், 2020-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறை இவற்றில் குழப்பம் அதிகமில்லை. முன்னதற்குத் துணிக்கூரை, பின்னதற்குக் கெட்டிக்கூரையும் உண்டு.

பானட், முகப்பு, முன்கண்ணாடி எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. பழைய ஜீப்பை 'ராணுவ ஏலத்தில் எடுத்தது' என்று சொல்லி விற்பதற்காக ஒன்பது பிளவு முகப்பை மாட்டுவோரும் உண்டு. ஆகவே ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாமல், குறைந்தது மூன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அரசு ஜீப் என்றால் எழுத்துகளையும் படியுங்கள். 'தமிழ்நாடு' என்ற மாநிலப் பெயர் 1969 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பகுதி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம். அதன்பின் காமராசர் மாவட்டம். 1997-இலிருந்து விருதுநகர் மாவட்டம். கதவில் 'காமராசர் மாவட்டம்' என்று இருந்தால், பெயரெழுதிய காலம் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். எண் பலகை 'டிஎன்' என்று தொடங்கி மாவட்ட எண்ணோடு, விருதுநகருக்கு 67 என்று, இருந்தால் படம் 1989-க்குப் பிந்தியது.

15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவை ரத்து செய்யும் மத்திய அரசு விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் ஒன்றிய அலுவலக மரத்தடிகளில் நின்ற பழைய ஜீப்புகள் பழைய இரும்புக்குப் போகின்றன. உங்கள் ஊரில் இன்னும் ஒன்று நின்றால் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், என்ஜின் அறையில் உள்ள தகடு ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து, எடுத்த தேதியையும் எழுதி வையுங்கள்.