கடி ஒன்றுதான், காரணம் ஒன்றல்ல

உடம்பில் கடி எடுத்தால் நம்மில் பலர் நேரே பாமசிக்குப் போய் "கடிக்கு ஒரு கிறீம்" கேட்கிறோம். பல வேளைகளில் கைக்கு வருவது ஸ்டீரொயிட் கலந்த கிறீம். இரண்டு நாளில் கடி அடங்கும். நோய் உள்ளேயே இருக்கும்.

மத்ரஸா விடுதியிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளை இரவில் தூங்காமல் சொறிகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, மறைவிடம் ஆகிய இடங்களில் சிறு பருக்கள் தெரிகின்றனவா? வீட்டில் இன்னொருவருக்கும் கடி தொடங்கியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்கேபீஸ். தோலைத் துளைத்து முட்டையிடும் நுண்ணிய உண்ணியால் வருவது இது. அழுக்கானவர்களின் நோய் என்று வெட்கப்பட்டு மறைப்பதால்தான் இவ்வளவு பரவுகிறது. முதல் தடவை தொற்றியவருக்கு 4 முதல் 6 வாரங்கள் வரை கடியே தெரியாமல் இருக்கலாம். அதற்குள் அவர் மற்றவருக்குக் கொடுத்துவிடுவார்.

ஆகவே கடிக்கும் பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசுவது வீண். பெர்மெத்ரின் 5% கிறீமை வீட்டார் அனைவரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரத்தில் மறுபடியும் பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டொக்டரைக் கேட்டே பூசுங்கள். உடுப்பு, படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் கழுவுங்கள். கழுவ முடியாததைப் பையில் இறுகக் கட்டி 3 நாட்கள் வையுங்கள். நோய் தீர்ந்த பிறகும் சில வாரங்கள் கடி நீடிக்கலாம். விடுதியிலும் இதே முறைதான். ஒரு மாணவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அறையை அப்படியே விடுவது நிர்வாகம் தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிந்திருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை, அதாவது பங்கசு. தொடை இடுக்கில் அதிகம் வரும். ஸ்டீரொயிட் கிறீம் மிகவும் கெடுப்பது இதைத்தான். வட்டம் மங்கி, உருவம் மாறி, பரந்துவிடும். பிறகு டொக்டருக்கே இனங்காண்பது கடினம். மறைவிடம் என்று கூச்சப்படும் பெண்கள் பெண் வைத்தியரைக் கேட்கலாம்.

முழங்கை, முழங்கால் மடிப்புகளில் வறண்டு வெடிப்பது எக்ஸிமா. குடும்பத்தில் ஆஸ்துமா இருந்தால் அந்தச் சந்தேகம் கூடும். குளித்த ஈரம் காயுமுன் ஈரலிப்புக் கிறீம் பூசுவது பாதி மருந்து. திடீரெனத் தடித்து, ஒரு நாளுக்குள் அந்த இடத்தில் மறைந்து வேறு இடத்தில் எழும்புவது ஒவ்வாமைத் தடிப்பு. உதடு வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ காத்திராமல் 1990ஐ அழையுங்கள்.

தோலில் ஒன்றுமே இல்லாமல் உடம்பெல்லாம் வாரக்கணக்கில் கடித்தால் கிறீமை விட்டுவிட்டு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீரகம், ஈரல், தைரொயிட், இரும்புச்சத்துக் குறைவு எதுவும் காரணமாகலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடித்தால் அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள். பித்தம் தேங்கும் அந்த நோய் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தானது.

கடிக்காத தேமலையும் கவனியுங்கள். வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்வு இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அதற்கு மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.