குறைந்தபட்சப் பதிப்பும் உழைப்பின் சுமையும்: பைதன் மொழி மாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திறந்த மூல மென்பொருள் நூலகம் ஒவ்வொன்றும், தான் இயங்குவதற்கு நிரலாக்க மொழியின் எந்தப் பதிப்பு ஆகக்குறைந்தது தேவை என்பதை அறிவித்துக்கொள்கிறது. மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இது வெறும் தொழினுட்ப விபரமாகவே தோன்றும். ஆயின், பழைய பதிப்பைத் தாங்கிநிற்கும் சுமை யாருடையது என்னும் வினாவுக்கான விடை அவ்வெண்ணிலே அடங்கியுள்ளது. பைதன் மொழியின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகின்றது.

அம்ஸ்ரடாம் நகரின் கணித, கணினி ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய கைடோ வான் றொஸ்ஸம் உருவாக்கிய பைதன் 1991இல் வெளிவந்தது. 2008 டிசெம்பர் 3இல் வெளியான மூன்றாம் பதிப்பு, இரண்டாம் பதிப்புக்கு எழுதப்பட்ட செய்நிரல்களைத் திருத்தமின்றி ஏற்காத வகையில் அமைந்தது. இம்மாற்றத்தின் மையத்தில் எழுத்துப் பிரச்சினை இருந்தது. இரண்டாம் பதிப்பின் சாதாரண எழுத்துத்தொடர் உண்மையிற் பைற்றுகளின் தொடரேயாம். ஆங்கிலத்தில் ஓரெழுத்து ஒரு பைற்றாகையால் அக்குறை அங்கு புலப்படவில்லை. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தை வினவினால், வழக்கமான யுனிகோட் குறிமுறையில் இரண்டாம் பதிப்பு 15 என்றது. மூன்றாம் பதிப்பு 5 என்கிறது. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், மூன்றெழுத்து என்னும் நமது கணக்கோடு இதுவும் பொருந்தாது. எனினும், பைற்றை விடுத்து எழுத்துக்குறியை அலகாகக் கொண்டமை பெரும் முன்னேற்றமாகும். பழைய பதிப்பு ஆங்கிலத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாறாயின் மாற்றம் ஏன் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது? நூலகங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று பின்தங்கின் அதனைச் சார்ந்த யாவும் பின்தங்கும். பெருநிறுவனங்களின் தேவை இன்னொரு காரணம். 2010இல் வெளியான றெட் ஹற் நிறுவனத்தின் ஆறாம் லினக்ஸ் பதிப்பு பைதன் 2.6ஐக் கொண்டிருந்தது. பைதன் குழுவினர் 2013இல் 2.6ஐக் கைவிட்டனர், அந்நிறுவனமோ கட்டணம் செலுத்திய வாடிக்கையாளருக்காக 2020 வரை அதனைப் பேணியது. அதே பழைய பதிப்பை நூலகத்தாரும் தாங்கவேண்டும் என எதிர்பார்க்கப்பட்டபோது, ஊதியமற்ற தொண்டருழைப்பு பிறரது வணிக ஒப்பந்தத்துக்குத் துணைநிற்க நேர்ந்தது. 2015இல் முடிவுறவிருந்த 2.7இன் ஆயுளும் 2014இல் எடுக்கப்பட்ட முடிவினால் 2020 வரை நீட்டப்பட்டது.

இம்முரண்பாடு கூட்டு முடிவுகளினாலேயே தீர்வை அணுகியது. 2016இல் வெளியான 'பிப்' நிறுவுகருவியின் ஒன்பதாம் பதிப்பு, நூலகம் அறிவிக்கும் குறைந்தபட்சப் பதிப்பை வாசித்து, பழைய பைதனை உடையோர்க்குப் பொருந்தக்கூடிய இறுதிப் பதிப்பை வழங்கியது. ஐபைதன், ஜாங்கோ ஆகியன 2017இல் தம் புதிய பதிப்புகளில் இரண்டாம் பைதனைக் கைவிட்டன. அறிவியற் கணிப்புக்கு அடித்தளமான நம்பை நூலகம் நெடுங்காலம் பெரும்பாலும் தொண்டருழைப்பில் வளர்ந்தது. பேர்க்லிப் பல்கலைக்கழகத்தினூடாக மூர் அறக்கட்டளையின் நிதி அதற்குக் கிடைத்தது 2017இலேதான். அவ்வாண்டிலேயே நம்பை தன் கால அட்டவணையை முன்கூட்டி அறிவித்தது. 2019 ஜனவரியில் வெளியான 1.16 பதிப்பே 2.7ஐ ஏற்ற இறுதிப் பதிப்பாயிற்று.

2019இல் நம்பை குழுவினர் பொதுநெறியொன்றையும் வகுத்தனர்: முந்திய 42 மாதங்களில் வெளியான பைதன் பதிப்புகளை மட்டும் தாங்கினாற் போதும் என்பது அது. பைதன் தன் பதிப்பு ஒவ்வொன்றையும் ஐந்தாண்டுகள் பேணுகிறது. எனவே, மொழி கைவிடுமுன்னரே நூலகம் கைவிடுகிறது. ஊதியமற்ற உழைப்புக்கு இந்நெறி ஓர் எல்லை வகுத்தது. அவ்வகையில் அது நியாயமானதே. ஆயினும், கணினிகளைப் புதுப்பிக்க வசதியற்ற பாடசாலையோ பொது நிறுவனமோ திருத்தங்களற்ற பழைய பதிப்போடு தேங்கிவிடுகிறது. அதே 2.7ஐக் கொண்ட றெட் ஹற்றின் ஏழாம் லினக்ஸ் பதிப்பு, கட்டணம் செலுத்தியோர்க்கு 2024 வரை பேணப்பட்டது.

பழைமை வாழ்வதும் மடிவதும் அதனைப் பேணும் உழைப்புக்கு யார் ஈடுசெய்கின்றனர் என்பதைப் பொறுத்ததாகும். ஆகவே, குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்துவோர்மீது குற்றஞ்சுமத்துவது பொருந்தாது. அவ்வுழைப்பின் பயனைப் பெறும் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் அதன் செலவிலும் பங்கேற்கவேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவாகும்.