மரவேலை இதழ்களும் கருவிக் கேட்டலாக்குகளும்

தச்சுத் தொழிலை நம்பிப் பிழைக்காமல், விருப்பத்தினால் மட்டும் உளியும் இழைப்புளியும் எடுப்பவர்களுக்காக இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் வளர்ந்த அச்சு இலக்கியம் இது. இதில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, செய்முறை சொல்லித்தரும் இதழ். மற்றொன்று, கருவிகளைப் படத்தோடும் விலையோடும் அடுக்கித் தரும் கேட்டலாக். முன்னது கற்பிக்கப் பிறந்தது. பின்னது விற்கப் பிறந்தது. ஆனால் கருவிகளைப் பற்றிய அறிவை அதிகம் காப்பாற்றித் தந்தது பின்னதுதான். ஒரு கருவியின் பெயர், நீளம், உறுப்புகள், அது கடைக்கு வந்த ஆண்டு, மறைந்த ஆண்டு ஆகியவற்றை இன்று உறுதி செய்ய வேண்டுமானால் பெரும்பாலும் பழைய கேட்டலாக்கைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

தொடக்கம்

ஐரோப்பாவிலும் தச்சு என்பது ஆசானோடு பல ஆண்டுகள் இருந்து கண்ணாலும் கையாலும் கற்ற வித்தை. அது எழுத்தில் ஏறியது அரிது. லண்டனில் நிலப்படங்களும் பூகோள உருண்டைகளும் செய்து விற்றுவந்த ஜோசப் மாக்சன், 1678இல் ‘மெக்கானிக் எக்ஸர்சைசஸ்’ என்ற வெளியீட்டை மாதம் ஒரு பகுதியாக விற்கத் தொடங்கினார். கொல்லுவேலை, கதவு மேசை முதலியன செய்யும் நுண்தச்சு, வீட்டுத் தச்சு, கடைசல் என்று ஒவ்வொரு தொழிலாக எடுத்துக்கொண்டு, எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்பது வரை எழுதினார். தவணை முறையில் வந்த செய்முறை வெளியீடு என்ற வகையில் இன்றைய மரவேலை இதழ்களுக்கு இதுவே மூதாதை. மாக்சன் அதே ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார்.

அவருடைய படத்தகடுகளில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எழுத்து இடப்பட்டிருக்கும். அந்த எழுத்தைச் சுட்டி உரை விளக்கும். இந்தப் படங்களில் சில, பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே ஃபெலிபியன் 1676இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தவை. அதனால் உரை லண்டன் தச்சரின் இழைப்புளியைப் பேசுகிற இடத்தில் படம் பாரிஸ் இழைப்புளியைக் காட்டுவதுண்டு. மாக்சனை ஆதாரமாகக் கொள்பவர்கள் உரையையும் படத்தையும் தனித்தனியே எடைபோடுவது நல்லது. 1678இன் இறுதியில் கத்தோலிக்கச் சதி பற்றிய வதந்தி லண்டனை உலுக்கியபோது வாசகர்களின் கவனம் திரும்பிவிட்டது. வெளியீடு தடைப்பட்டதற்கு மாக்சனே சொன்ன காரணம் இது. பிறகு 1683இல் அச்சுத்தொழில் பற்றிய பகுதிகளோடு மீண்டும் வந்தார்.

அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் தச்சர் ஆந்த்ரே-ஜாகோப் ரூபோ எழுதிய ‘லார் டு மெனுயிசியே’ பெருநூல் வெளிவந்தது. 1843 முதல் லண்டன் ஹோல்ட்சாஃபல் குடும்பத்தின் கடைசல் நூல் தொகுதிகள் வந்தன. இவை மிக உயர்ந்த நூல்கள்தான். ஆனாலும் வசதி படைத்தவர்களின் நூலகத்துக்குத்தான் எட்டின.

விற்கப் பிறந்த நூல்கள்

ஷெஃபீல்டு, பர்மிங்காம் நகரங்களின் கருவி உற்பத்தியாளர்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மாதிரிப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். விற்பனைக்குப் போகிறவர் கருவி மூட்டையைச் சுமக்காமல் படத்தைக் காட்டி ஆர்டர் வாங்கிவர அவை உதவின. ஷெஃபீல்டில் ஜோசப் ஸ்மித் 1816இல் வெளியிட்ட படத்தொகுப்பு இவற்றில் புகழ்பெற்றது. இவை வியாபாரிகளுக்கானவை. பொதுமக்கள் கைக்குக் கேட்டலாக் வந்துசேர்ந்தது அமெரிக்காவில், 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்.

அந்தக் காலத்துக் கேட்டலாக் பக்கம் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் அதன் உழைப்பு தெரியும். பாக்ஸ்வுட் எனும் இறுகிய மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்குளியால் கோடு கோடாகக் கீறி எடுத்த படம் அது. வார்ப்பிரும்பின் மங்கல், பித்தளைத் திருகின் பளபளப்பு, ரோஸ்வுட் கைப்பிடியின் நெளிவு எல்லாமே வெறும் கோடுகளின் நெருக்கத்தால் வந்தவை. மரக்கட்டையிலிருந்து உலோகப் பிரதிகள் எடுத்துக் கடைக்காரர்களுக்கு அனுப்புவது வழக்கமாக இருந்ததால், ஒரே படம் உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று பல கேட்டலாக்குகளில் காணப்படும். கருவியின் வடிவம் மாறிய பிறகும் படம் மாறாமல் பல ஆண்டுகள் தொடர்ந்ததுண்டு. கேட்டலாக்கை வைத்துக் காலம் கணிப்பவர்கள் படத்தை விட அச்சிட்ட எண்ணையும் விவரத்தையும் நம்புவது இதனால்தான்.

எண் என்றதும் ஸ்டான்லி நினைவுக்கு வரும். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டனில் அளவுகோல்களும் மட்டப்பலகைகளும் செய்துவந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி, 1869இல் லெனர்ட் பெய்லியின் இழைப்புளி உரிமங்களைப் பெற்றது. அதன் கேட்டலாக்கில் ஒவ்வோர் இழைப்புளிக்கும் ஓர் எண். 4ஆம் எண் 9 அங்குல நீளம், இறுதி மெருகுக்கு. 5ஆம் எண் 14 அங்குலம், முரட்டு வேலைக்கு. 7ஆம் எண் 22 அங்குலம், நீளப் பலகைகளின் விளிம்பை நேராக்க. கேட்டலாக்கின் வசதிக்காக இட்ட இந்த எண்களே நாளடைவில் கருவியின் பெயர்களாகிவிட்டன. போட்டி நிறுவனங்களும் அவற்றையே பின்பற்றின. கேட்டலாக் கருவியைப் பிரித்துக் காட்டி, வெட்டலகு, அதன்மேல் தகடு, அலகைத் தாங்கும் படுகை, திருகு, பின்கைப்பிடி, முன்குமிழ் என்று உறுப்பு உறுப்பாக எண்ணிட்டுத் தந்தது. ஆசான் இல்லாத ஒருவர் தன் கருவியின் உடற்கூறைக் கற்க இதுவே போதுமானதாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஸ்டான்லியின் 34ஆம் கேட்டலாக் இந்த வகையில் ஒரு பாடநூல் என்றே சொல்லலாம்.

பிலடெல்பியாவின் டிஸ்டன் நிறுவனம் ரம்பம் விற்றதோடு நிற்கவில்லை. பல்லைச் சமன் செய்வது, மாறி மாறி இருபுறமும் வளைப்பது, அரத்தால் கூராக்குவது என்று ரம்பத்தைப் பராமரிக்கும் முறையைச் சிறு கையேடுகளாக அச்சிட்டும் பரப்பியது. டெட்ராய்ட்டில் சார்லஸ் ஸ்ட்ரெலிங்கர் 1890களில் வெளியிட்ட கேட்டலாக்குக்குப் பெயரே ‘கருவிகளின் நூல்’ என்பதுதான். மான்ட்கோமரி வார்டு 1872இலும், சியர்ஸ் அதன் பின்னும் தொடங்கிய தபால் விற்பனையில் கருவிகளும் இடம்பெற்றன. 1896இல் தொடங்கிய கிராமப்புறத் தபால் விநியோகமும் 1913இன் பார்சல் தபாலும் தொலைதூரப் பண்ணை வீடுகளுக்கும் இந்தப் பக்கங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஒரு பென்னி இதழ்கள்

இங்கிலாந்தில் கல்வி பரவி, அலுவலக வேலைக்காரர்களின் எண்ணிக்கை கூடிய காலத்தில் மலிவு விலை இதழ்கள் வந்தன. 1881இல் ‘அமெச்சூர் வொர்க்’, 1889இல் காசல் நிறுவனத்தின் ‘வொர்க்’ வார இதழ். பின்னதை நெடுங்காலம் நடத்திய பால் ஹாஸ்லக், அதில் வந்த கட்டுரைகளைத் தொகுத்துச் சிறு கைநூல்களாக்கினார். 1895இல் தொடங்கிய ‘ஹாபிஸ்’ வார இதழின் கதை தனி. நார்ஃபோக் மாவட்டத்தின் டெரம் என்ற சிற்றூரிலிருந்த நிறுவனம் மெல்லிய பலகையில் பின்னல்வேலை அறுப்பதற்கான ரம்பமும் விற்றது, பலகையும் விற்றது, இதழோடு இலவச வரைபடத் தாளும் தந்தது. கேட்டலாக் எங்கே முடிந்தது, இதழ் எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாத அமைப்பு அது.

1901இல் தொடங்கிய ‘தி உட்வொர்க்கர்’ இந்த இதழ்களில் தலையாயது. 1930களின் இறுதியிலிருந்து 1960கள் வரை அதன் ஆசிரியராக இருந்த சார்லஸ் ஹேவர்ட் தொழில் கற்ற தச்சர். தானே செய்து பார்த்து, தானே வரைந்து, தானே எழுதினார். போர்க்காலத்திலும் இதழ் நிற்கவில்லை. ஹேவர்டின் கோட்டுப்படத்தில் கை எங்கே அழுத்துகிறது, சிராய் எந்தப் பக்கம் சுருள்கிறது என்பது வரை தெரியும். மரவேலை எழுத்தில் அவருக்கு இணையான ஆசிரியர் இன்னும் வரவில்லை என்பது இக்கட்டுரையாளரின் முடிவு.

அமெரிக்காவில் ஹென்றி ஹேவன் வின்சர் 1902இல் சிகாகோவில் தொடங்கிய ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ மரவேலையைப் பல பொழுதுபோக்குகளில் ஒன்றாகத் தந்தது. 1930களில் மில்வாக்கியின் டெல்டா நிறுவனம் வீட்டுப் பட்டறைக்கேற்ற சிறு இயந்திரங்களை விற்க ‘டெல்டாகிராம்’ என்ற இதழையே நடத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்கருவிகள் கராஜுக்குள் நுழைந்தன. இதழ்களின் செய்முறைகளும் இயந்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டன. கைக்கருவிகளின் தேவை சரிந்தது, தரமும் சரிந்தது. ஸ்டான்லியின் பல மாதிரிகள் கேட்டலாக்கிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. விளம்பரத்தை நம்பி நடக்கும் இதழ், விளம்பரம் தருபவரின் இயந்திரத்தை எடைபோடும்போது வாசகர் பக்கம் முழுமையாக நிற்பது கடினம். இந்தக் குறை அன்று தொடங்கி இன்றும் இருக்கிறது.

1975க்குப் பின்

1975 குளிர்காலத்தில் கனெக்டிகட்டின் நியூடவுனிலிருந்து பால் ரோமனும் ஜான் ரோமனும் ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். கறுப்பு வெள்ளைப் பக்கங்கள். எழுதியவர்களில் பலர் செய்பவர்களே. டென்மார்க்கில் பயின்று அமெரிக்காவில் கற்பித்த டாகே ஃப்ரிட் புறாவால் இணைப்பை ரம்பமும் உளியும் கொண்டு வெட்டிக் காட்டினார். 1979இல் அயோவா மாநிலத்தின் டிமாய்னில் டான் பெஷ்கி தொடங்கிய ‘உட்ஸ்மித்’ விளம்பரமே வாங்குவதில்லை என்ற கொள்கையோடு வந்து, வாசகர் சந்தாவால் நின்று காட்டியது.

கைக்கருவிகள் மீது மீண்டும் எழுந்த இந்த ஆர்வத்தோடு புதுவகைக் கேட்டலாக்குகளும் வந்தன. 1975இல் நியூயார்க்கில் காரெட் வேட், 1978இல் ஒட்டாவாவில் லெனர்ட் லீயின் லீ வேலி. கனடா அரசுப் பணியில் இருந்த லீ, ஒரு கருவி எந்த உலோகம், எதற்கு ஏற்றது என்று விளக்கி விற்றார். ஆல்க்ரோவ் என்ற பதிப்பகத்தின் வழியாகப் பழைய தொழில்நூல்களை மறுஅச்சும் செய்தார். மெய்ன் மாநிலத்தில் டாம் லீ-நீல்சன் 1981இல் தொடங்கிய பட்டறை, ஸ்டான்லி கைவிட்ட மாதிரிகளை மேலான உலோகத்தில் மீண்டும் வார்த்தது. அவற்றுக்கு அது ஸ்டான்லி கேட்டலாக்கின் பழைய எண்களையே இட்டது. பழைய கருவிகளைச் சேகரிப்போர் தேடிப்பிடித்து மறுஅச்சிட்ட கேட்டலாக்குகள் இந்த மறுபிறப்புக்கு உதவின.

இவற்றை வாசிப்போரில் பலர், படிக்கும் நாற்காலிகள் அனைத்தையும் செய்துவிடப் போவதில்லை. இரவில் கேட்டலாக்கைப் புரட்டுவதும் இணைப்பின் வெட்டுமுகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் கண்ணுக்கான பயிற்சி. நல்ல கருவியையும் மட்டமான கருவியையும் கடையில் பிரித்தறிய அந்தக் கண் வேண்டும்.

‘பாப்புலர் உட்வொர்க்கிங்’ இதழை வெளியிட்ட நிறுவனம் 2019இல் திவாலானது. இதழ் கைமாறிப் பிழைத்தது. 2016இல் மெய்னில் தொடங்கிய ‘மார்டிஸ் அண்ட் டெனன்’ விளம்பரமில்லாமல் வருகிறது. ஹேவர்டின் கட்டுரைகளை லாஸ்ட் ஆர்ட் பிரஸ் என்ற பதிப்பகம் 2016 முதல் பல தொகுதிகளாக வெளியிட்டது. இத்துறையில் புதிதாக வாசிக்கத் தொடங்குபவர் முதலில் அந்தத் தொகுதிகளையும், பக்கத்தில் வைத்துக்கொள்ள ஸ்டான்லி 34ஆம் கேட்டலாக்கின் மறுஅச்சு ஒன்றையும் தேடிக்கொள்ளலாம்.