மார்பில் சிலுவை, கையில் தூரிகை

ஸ்பெயின் அரச குடும்பத்தை வேலாஸ்குவெஸ் 1656-ல எண்ணெய் வண்ணத்துல தீட்டின ஓவியம் 'லாஸ் மெனினாஸ்'. அதுல அவரும் தூரிகையோட நிக்கிறார். மார்புல சாந்தியாகோ வீரர் அமைப்போட சிவப்புச் சிலுவை. ஆனா அந்தப் பட்டம் கிடைச்சதே 1659-லதான். சிலுவை பின்னாடி சேர்த்தது.

எனக்கு உறுத்துறது வேற. கைத்தொழில் செஞ்சு பிழைக்கிறவருக்கு அந்த அமைப்புல இடமில்லை. அதனால சுர்பரான், அலோன்சோ கானோ போன்ற சக ஓவியர்கள் வந்து, 'இவர் ஓவியம் விற்றதில்லை' என்று சாட்சி சொன்னாங்க. அவங்களே வித்துப் பிழைச்சவங்கதான்! வேலாஸ்குவெஸும் 1617-ல செவில் நகரத்துல தேர்வுல தேறி, கடை வைக்க உரிமம் வாங்கினவர்.

பட்டத்துக்காகத் தொழிலை மறைக்க வேண்டியிருந்தது. ஆனா ஓவியத்துல பாருங்க, சிலுவை வந்த பிறகும் அவர் தூரிகையைக் கீழே வைக்கலை.