ஆயிரம் பாய்கள், ஒரே கோடு: டெஃபி விண்ட் போட்டியின் கதை

1/
உலக சாம்பியன் நிற்கும் அதே கோட்டில், அவருக்குக் கொஞ்சம் தள்ளி ஏதோ ஒரு ஊர் ஸ்கூல் வாத்தியாரும் நிற்பார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போட்டி ஆரம்பம். கிரிக்கெட்டில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? பிரான்ஸின் தெற்குக் கரையில் க்ருய்சான் என்ற சின்ன ஊரில் 2001ல் இருந்து இது நடக்கிறது. போட்டியின் பெயர் டெஃபி விண்ட். அதன் வரலாறு தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

2/
முதலில் விண்ட்சர்ஃபிங் என்றால் என்ன? ஒரு பலகை, அதன் மேல் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். நீங்கள் பலகை மேல் நின்று, பாயைக் கையில் பிடித்துக்கொண்டு காற்றில் போக வேண்டும். என்ஜின் கிடையாது. சுக்கானும் கிடையாது. பாயை முன்பக்கம் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும். பின்பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். அவ்வளவு தான் டிரைவிங்.

3/
யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் சண்டை தான். 1958ல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் ஒரு பலகையில் பாய் கட்டி ஓட்டினான். 1964ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி ஒன்று செய்தார். அடுத்த வருடமே பாப்புலர் சயின்ஸ் பத்திரிகையில் அதை எப்படிச் செய்வது என்று எழுதியும் விட்டார். காப்புரிமை வாங்கவில்லை.

4/
காப்புரிமை வாங்கியது கலிஃபோர்னியாக்காரர்கள் இரண்டு பேர். ஜிம் டிரேக் விமானப் பொறியாளர். ஹாய்ல் ஷ்வைட்ஸர் தொழில் நடத்தியவர், சர்ஃபிங் பிரியர். 1968ல் விண்ணப்பித்து 1970ல் வாங்கினார்கள். கம்பம் எந்தப் பக்கமும் சாயும்படி அடியில் ஒரு மூட்டு வைத்தது தான் விஷயம். நம்ம தோள்மூட்டு எல்லாப் பக்கமும் சுழல்கிறது இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

5/
டிரேக் தன் பாதிப் பங்கை 1973ல் வெறும் 36,000 டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு தான் ஐரோப்பாவில் இந்த விளையாட்டு பற்றிக்கொண்டது. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று ஏரிக்கரை, கடற்கரை எல்லாம் பாய்கள். காப்புரிமை வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போனது. அங்கே அந்த 12 வயதுப் பையனின் பலகையே சாட்சியாக நின்று, பிரிட்டனில் ஷ்வைட்ஸரின் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது.

6/
அந்தக் காலத்துப் பலகை 12 அடி நீளம், நல்ல கனம். மெதுவாகத் தான் போகும். ஆனால் லேசான காற்று போதும், கீழே விழுந்தாலும் ஏறி நின்றுகொள்ளலாம். அப்பா, அம்மா, பிள்ளை எல்லோரும் ஓட்டினார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் போட்டி சேர்ந்தது. முதல் தங்கம் நெதர்லாந்தின் ஸ்டெஃபான் வான் டென் பெர்க்குக்கு. பெண்களுக்கு 1992 பார்சிலோனா வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

7/
பிறகு என்ன ஆச்சு? 1970களின் கடைசியில் ஹவாய் இளைஞர்கள் பலகையில் கால் நுழைக்கும் வார்களை மாட்டினார்கள். இனி அலையில் தாவிக் குதிக்கலாம். பலகை குட்டையானது, லேசானது, வேகமானது. பத்திரிகை அட்டை முழுக்க அந்தப் படங்கள். 1980களில் எல்லோருக்கும் அந்தக் குட்டைப் பலகை தான் வேண்டும்.

8/
பிரச்சினை என்னன்னா, அந்தப் பலகைகளில் பல, காற்று பலமாக அடிக்காவிட்டால் ஆள் பாரத்தையே தாங்காது, மூழ்கும். ஏரியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவருக்கு அது உதவாது. கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பாய், ஒரு பலகை என்று செலவும் ஏறியது. 1990களில் கூட்டம் கரைந்தது. கடைசியில் கெட்டிக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

9/
ஒலிம்பிக் பக்கமும் இதே கதை. காற்று குறைந்தால் பாயை விசிறி மாதிரி இழுத்து இழுத்து ஓட்டுவதற்கு ‘பம்பிங்’ என்று பெயர். 1990களில் அதற்கான கட்டுப்பாடு தளர்ந்ததும், துடுப்புப் படகுப் போட்டிக்கு நிகரான உழைப்பு தேவைப்பட்டது. இதயத் துடிப்பு உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். பார்க்கப் பிரமாதம். ஆனால் நீங்களும் நானும் செய்யும் விஷயம் இல்லை.

10/
இந்தச் சூழ்நிலையில் தான் 2001ல் ஃபிலிப் ப்ரூ வருகிறார். அவரே முன்னாள் தொழில்முறை விண்ட்சர்ஃபிங் வீரர். அவர் ஆரம்பித்த போட்டியில் தகுதிச் சுற்று இல்லை. உலகத் தரவரிசை தேவையில்லை. பலகை ஓட்டத் தெரிந்தால் பெயர் கொடுக்கலாம். தூரம் சுமார் 40 கிலோமீட்டர், கரையை ஒட்டிப் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். டெஃபி என்றால் பிரெஞ்சில் சவால்.

11/
ஏன் க்ருய்சான்? காற்று! வடமேற்கில் இருந்து அடிக்கும் அந்தக் காற்றுக்கு ட்ராமோன்டான் என்று பெயர். ஒரு பக்கம் பிரனீஸ் மலை, மறுபக்கம் மாசிஃப் சென்ட்ரல் மலைத்தொகுதி. நடுவில் உள்ள இடைவெளியில் காற்று நெருக்கப்பட்டு வேகம் எடுத்துக் கடலுக்குப் பாய்கிறது. நம்ம ஊரில் ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் நடப்பது இதே தான். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். க்ருய்சானைச் சுற்றிய கரையிலும் காற்றாலைகள் உண்டு.

12/
இப்போ கவனிங்க, இந்தக் காற்று நிலத்தில் இருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அதனால் இரண்டு லாபம். ஒன்று, கரைக்குப் பக்கத்தில் பெரிய அலை எழும்பாது, தண்ணீர் ஓரளவு சமமாக இருக்கும். இரண்டு, கரையை ஒட்டிப் போகும்போது காற்று பக்கவாட்டில் இருந்து வரும். பாய்ப்பலகைக்கு மிகச் சுலபமான திசை அது. போகும்போதும் அப்படியே, வரும்போதும் அப்படியே.

13/
வழக்கமான பாய்மரப் போட்டியில் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏற வேண்டும். அதில் அனுபவசாலி தான் ஜெயிப்பார், புதியவர் பாதி வழியில் நொந்துபோவார். இங்கே நேராகப் போகத் தெரிந்து, முனையில் திரும்பத் தெரிந்தால் போதும். சாம்பியன் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். மற்றவர்கள் விழுந்து எழுந்து, மூச்சு வாங்கி, பின்னாலேயே வந்து சேரலாம்.

14/
சரி, இத்தனை பேரை ஒரே கோட்டில் எப்படிக் கிளப்புவது? விசில் ஊதினால் பாதிப் பேர் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். அதற்கு ‘முயல் தொடக்கம்’ என்று ஒரு பழைய முறை. தொடக்கக் கோட்டின் ஒரு முனையிலிருந்து ஒரு வேகப்படகு மறுமுனைக்குப் பாய்கிறது. படகு உங்களைக் கடந்து போன பிறகு, அதன் பின்னால் நீங்கள் புறப்படலாம். முன்னால் குறுக்கிட்டால் தவறு. ஒரு நீளமான திரை திறப்பது போல பாய்கள் வரிசையாகக் கிளம்பும்.

15/
ஆரம்பத்தில் சில நூறு பேர். பிறகு எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பதின்ம வயதுப் பிள்ளைகள், நரைத்த தலைகள், ஆண்கள், பெண்கள், பல நாட்டுக்காரர்கள். 25 உலகப் பட்டங்கள் வென்ற பிரெஞ்சு வீரர் ஆந்துவான் அல்போ இங்கே பலமுறை ஜெயித்திருக்கிறார். அவர் 2015ல் நமீபியாவின் லூடெரிட்ஸ் கால்வாயில் 53.27 நாட், அதாவது மணிக்குச் சுமார் 99 கி.மீ. வேகம் தொட்டவர். அவரும் அதே கோட்டில் தான்.

16/
போட்டி பெரும்பாலும் மே மாதத்தில், சில நாட்கள் ஒதுக்கி நடக்கும். காற்று வந்தால் ஓட்டம், வராவிட்டால் கரையில் காத்திருப்பு. சில நேரம் ட்ராமோன்டானுக்குப் பதில் கடலில் இருந்து ஈரக்காற்று வரும். அதற்கு மாரின் என்று பெயர். அப்போது அலை எழும்பி ஆட்டம் கடினமாகிவிடும். 2020ல் கொரோனா காரணமாகப் போட்டி நடக்கவில்லை.

17/
டாக்டரா சில விஷயம் சொல்லியே ஆகணும். கடலை நோக்கி அடிக்கும் காற்றில் பெரிய ஆபத்து உண்டு. பலகை உடைந்தால், கை ஓய்ந்தால், காற்று உங்களை நடுக்கடலுக்கு இழுத்துப் போகும். மே மாதத்திலும் அங்கே தண்ணீர் குளிர் தான். தண்ணீர் காற்றை விடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். அதனால் தான் ரப்பர் உடையும் மீட்புப் படகுகளும். எல்லோரையும் விளையாட விடுவது என்றால் எல்லோரையும் கரை சேர்க்கும் பொறுப்பும் சேர்ந்தே வரும்.

18/
அடுத்து கை. கம்பை விடாமல் இறுக்கிப் பிடிப்பது ஐசோமெட்ரிக் உழைப்பு, அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறும். முன்கை கல் மாதிரி ஆகிவிடும். அதனால் இடுப்பில் ஒரு வார் கட்டி, கொக்கியால் பாயோடு மாட்டிக்கொள்வார்கள். பாரம் கையை விட்டு இடுப்புக்குப் போகும். இது இல்லாமல் 40 கி.மீ. சாதாரண ஆளால் முடியாது.

19/
இன்னொன்று கால். வேகமாகப் போகும்போது விழுந்தால் பாதம் வாரிலேயே மாட்டிக்கொண்டு முறுக்கும். நடுப்பாத மூட்டு விலகும். அதன் பெயர் லிஸ்ஃப்ராங் காயம். ஜாக் லிஸ்ஃப்ராங் பிரெஞ்சு அறுவைச் சிகிச்சை நிபுணர், நெப்போலியன் படையில் பணியாற்றியவர். குதிரையில் இருந்து விழும் வீரனின் கால் அங்கவடியில் மாட்டுவதை நினைத்துப் பாருங்க. 200 வருடம் கழித்து அதே மூட்டு, அதே மாதிரி முறுக்கு. குதிரைக்குப் பதில் பலகை.

20/
இது நமக்கும் தேவை. படிக்கட்டில் கால் தவறினாலோ பைக்கில் இருந்து விழுந்தாலோ இதே காயம் வரலாம். உள்ளங்காலில் கன்றிப்போன நீலம், நின்றால் தாங்க முடியாத வலி இருந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தடவி உட்காராதீங்க. முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. வலி குறையவில்லை என்றால் திரும்ப வந்து காட்டுங்க.

21/
சரி, இந்த வரலாற்றை ஏன் சொன்னேன்? மக்கள் விளையாட்டை விட்டது சோம்பேறித்தனத்தால் மட்டும் இல்லை. பலகை, விதி, விலை, போட்டி எல்லாமே திறமைசாலிக்காக மாற மாற, மற்றவர்கள் மெல்ல விலகினார்கள். அதே காலத்தில், 1990களின் கடைசியில், சுலபமாக நிற்கக்கூடிய அகலமான பலகைகள் வந்தன. திசை, தொடக்கம், தகுதி ஆகியவற்றை யோசித்து அமைத்த ஒரு போட்டியும் வந்தது. ஆயிரம் பேர் திரும்பி வந்தார்கள்.

22/
நம்ம பள்ளிகளின் விளையாட்டு விழாவை யோசிச்சுப் பாருங்க. 20 பிள்ளைகள் ஓடுவார்கள், 500 பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். அந்த 500 பேரில் பலர் முப்பது வயதில் சுகரும் பிரஷருமாக ஓ.பி. வரிசைக்கு வருகிறார்கள். ‘விளையாட்டு எனக்கு வராது சார்’ என்று தான் சொல்வார்கள். அவர்களுக்கு யாரும் கோட்டில் இடம் கொடுக்கவே இல்லை என்பது தான் உண்மை.

23/
ஆசிரியர்கள், குடியிருப்புச் சங்கங்கள், ஊர்ப் பொங்கல் விழா நடத்தும் தம்பிகள், எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் ஒரு போட்டியையாவது எல்லோரும் முடிக்கும்படி வையுங்க. ஜெயிப்பவருக்குக் கோப்பை கொடுங்க, கடைசியாக வருபவர் வரும்வரை கயிற்றை அவிழ்க்காதீங்க. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார அமைப்பு சொல்வது இப்படித் தான் பழக்கத்துக்கு வரும். உங்க ஊரில் அப்படி எதுவும் நடக்கிறதா? கீழே எழுதுங்க, படிக்கிறேன்.