மூளையுறை அழற்சி: அறிகுறிகளை அறிந்த வரலாறு

மூளையுறை அழற்சி என்பது மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள சவ்வுகளில் ஏற்படும் அழற்சி ஆகும். காசநோய்க் கிருமி உள்ளிட்ட பாக்டீரியாக்கள், வைரசுகள், பூஞ்சைகள் ஆகியவற்றால் இது உண்டாகலாம். பேச்சுவழக்கில் இதையும் மூளைக்காய்ச்சல் என்பர். ஆனால் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூளைத் திசுவையே தாக்கும் வேறொரு நோயாகும்.

வரலாறு

1805-இல் ஜெனீவாவில் பரவிய கொள்ளைநோயை மருத்துவர் வியூசோ விவரித்து எழுதினார். 1882-இல் ரஷ்ய மருத்துவர் கெர்னிக், நோயாளி உட்கார்ந்த நிலையில் முழங்காலை நீட்ட முடியாமல் தவிப்பதைக் கவனித்தார். 1909-இல் போலந்தின் புருட்சின்ஸ்கி, கழுத்தை முன்னால் வளைத்தால் முழங்கால்கள் தாமாக மடங்குவதைக் கண்டார். இவ்விரண்டும் அவர்கள் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. இதற்கிடையே 1887-இல் வியன்னாவில் வைக்செல்பாம் நோய்க்கிருமி ஒன்றைப் பிரித்தறிந்தார். 1891-இல் குவிங்கே முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் நீர் எடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். நோயை உறுதிசெய்ய இன்றும் அந்நீரே சோதிக்கப்படுகிறது.

அறிகுறிகள்

காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தைக் கண்டால் கூசுதல், குழப்பம், வலிப்பு ஆகியன முக்கியமானவை. எல்லாம் ஒருசேரத் தோன்றுவதில்லை. கெர்னிக், புருட்சின்ஸ்கி குறிகள் தென்படாததால் மட்டும் நோய் இல்லை எனக் கொள்ளக் கூடாது. கைக்குழந்தைகளுக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். பால் குடிக்க மறுத்தல், ஓயாத அழுகை, துவண்டு கிடத்தல், உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றைத் தாய்மார் கவனிக்க வேண்டும். சிலவகை நோயில் சிவந்த புள்ளிகள் தோன்றும். கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் அவை மறையா. மாநிறத்தோரிடம் உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகிய இடங்களில் பார்ப்பது நல்லது. பாக்டீரியா வகை சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடும். பிழைத்தவர்களில் சிலர் செவித்திறனை இழக்கின்றனர்.

புதுச்சேரியில்

பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் புதுச்சேரியில் மருத்துவப்பள்ளி தொடங்கப்பட்டது. அதன் வழிவந்ததே 1964 முதல் கோரிமேட்டில் இயங்கும் ஜிப்மர். முதலியார்பேட்டையிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஆகவே இங்கு நேரத்தை வீணாக்குவது தொலைவு அன்று. 'சாதாரணக் காய்ச்சல்தானே, விடியட்டும்' என்னும் எண்ணமே.

தடுப்பு

குழந்தைகளின் காசநோய் மூளையுறை அழற்சியை பி.சி.ஜி. ஊசி பெருமளவு தடுக்கிறது. இம்மருந்தைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948-இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்டது. ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், அடுத்த கட்டத்தில் புதுச்சேரியிலும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது.