பேரிடருக்குப் பின் குழந்தைகள்: பெற்றோரும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

வெள்ளம், தீ விபத்து, வெடி விபத்து, திடீர் இடப்பெயர்வு போன்ற நெருக்கடிகளுக்குப் பின் குழந்தை எவ்வளவு விரைவில் இயல்புநிலைக்குத் திரும்புகிறது என்பது, அதனைப் பராமரிக்கும் பெரியவரின் நிலையைப் பெரிதும் பொறுத்தது. ஆகவே பெற்றோருக்கு அளிக்கப்படும் ஆதரவும் குழந்தைக்கான சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

இப்பகுதியின் சூழல்

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்ததில் 9 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, ஓசூரை அடுத்துக் கர்நாடக எல்லைக்குள் அமைந்துள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையில் தீப்பற்றியது. அதில் உயிரிழந்தோருள் பலர், பண்டிகைக் கால வேலைக்காகத் தமிழக மாவட்டங்களிலிருந்து சென்ற இளைஞர்களும் மாணவர்களும் ஆவர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்து, குடியிருப்புகளை வெள்ளம் சூழ்ந்தது.

ஓசூர் சிப்காட் பகுதியில் பணிபுரியும் குடும்பங்கள் பல, பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவை. தாத்தா, பாட்டி, உற்றார் உறவினர் அருகில் இல்லாத நிலையில், நெருக்கடியின் முழுச் சுமையும் ஷிப்ட் முறையில் வேலை செய்யும் தாய் தந்தையர் இருவர்மீதே விழுகிறது.

குழந்தைகளிடம் காணப்படும் மாற்றங்கள்

கீழ்க்கண்டவை அசாதாரண நிகழ்வுக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினைகள். பெரும்பாலான குழந்தைகளிடம் இவை சில வாரங்களில் படிப்படியாகக் குறையும்.

- 5 வயதுக்கு உட்பட்டோர்: பெற்றோரை விட்டு அகல மறுத்தல், காரணமின்றி அழுதல், உறக்கத்தில் அலறுதல், பழக்கம் விட்டுப்போன பின்னும் மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழித்தல்.
- 6 முதல் 12 வயது வரை: நடந்த நிகழ்வையே திரும்பத் திரும்ப விளையாடுதல், தலைவலி, வயிற்றுவலி, பள்ளி செல்ல அஞ்சுதல், "என்னால்தான் இப்படி ஆயிற்று" எனக் கருதுதல்.
- 13 முதல் 18 வயது வரை: பேச்சைக் குறைத்துக்கொள்ளுதல், எரிச்சல், உறக்கமின்மை, ஆபத்தான செயல்களில் ஈடுபடுதல், குடும்பச் சுமையைத் தானே ஏற்கப் படிப்பை விட எண்ணுதல்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. குழந்தையை அருகிலேயே வைத்திருங்கள். சிறு குழந்தைகளுக்கு அணைப்பும், தெரிந்த குரலும், சொற்களைவிட விரைவில் ஆறுதல் தரும்.
2. கேட்கும் கேள்விக்கு உண்மையை எளிய சொற்களில் கூறுங்கள். இறந்தவரை "ஊருக்குப் போயிருக்கிறார்", "தூங்குகிறார்" எனக் கூறுதல் கூடாது. குழந்தை அவர் வரவை எதிர்நோக்கிக் காத்திருக்கும். அல்லது உறங்கவே அஞ்சும்.
3. "இது உன் தவறன்று" என்பதை ஒருமுறைக்குப் பலமுறை கூறுங்கள்.
4. உணவு, குளியல், உறக்கம் ஆகியவற்றின் நேரத்தை நிவாரண முகாமிலும் இயன்றவரை மாற்றாதீர்கள். அடுத்த வேளை என்ன நிகழும் என்பது தெரிந்திருப்பதே குழந்தைக்குப் பாதுகாப்புணர்வு.
5. விளையாட விடுங்கள். வெள்ளத்தையோ தீயையோ வரைவதும் விளையாடுவதும் மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழி. அதனைத் தடுக்க வேண்டாம்.
6. பள்ளியோ அங்கன்வாடியோ மீண்டும் திறந்தவுடன் அனுப்புங்கள்.

தவிர்க்க வேண்டியவை

- நடந்ததை விவரிக்குமாறு குழந்தையை வற்புறுத்துதல்.
- விபத்துக் காட்சிகளைத் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ மீண்டும் மீண்டும் பார்க்க விடுதல்.
- "ஆண் பிள்ளை அழலாமா" என அடக்குதல்.
- படுக்கையை நனைப்பதற்காக அடித்தல் அல்லது பிறர் முன் கேலி செய்தல்.

பெற்றோர் தம்மைப் பேணுதல்

வீட்டையும் உடைமையையும் இழந்த பெற்றோர், குழந்தைமீது சினம் கொள்வதும் பின்னர் அதற்காக வருந்துவதும் பரவலாகக் காணப்படுவதே. இது கெட்ட பெற்றோர் என்பதன் அடையாளமன்று; களைப்பின் அடையாளம். சினம் எழும்போது குழந்தையை நம்பகமான ஒருவரிடம் விட்டுச் சில நிமிடங்கள் விலகி, மெதுவாக மூச்சுவிடுங்கள். உண்பதையும் உறங்குவதையும் தள்ளிப்போட வேண்டாம். மதுவால் துயரம் தணியாது. உறக்கமும் சினமும் மேலும் கெடும். ஒரே முகாமிலோ தெருவிலோ உள்ள பெற்றோர் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

சிரியப் போரின்போது, குழந்தைப் பராமரிப்புக் குறிப்புகள் அச்சிட்ட துண்டறிக்கைகள் ரொட்டிப் பொட்டலங்களுடன் சேர்த்துக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. உணவுக்காக வரிசையில் நிற்கும் நிலையிலும் பெற்றோர் இத்தகைய வழிகாட்டுதலை நாடுகின்றனர் என்பதை அம்முயற்சி உணர்த்தியது. எனவே நிவாரணப் பொருள் கேட்பதைப் போலவே, மனநல உதவியையும் தயக்கமின்றிக் கேட்கலாம்.

பாலூட்டும் தாய்மார்

அதிர்ச்சியால் பால் சுரப்பது சற்றுத் தாமதமாகலாம். ஆயினும் தொடர்ந்து பாலூட்டினால் சீராகும். நன்கொடையாகக் கிடைக்கும் பால்மாவை மருத்துவ ஆலோசனையின்றித் தூய்மையற்ற நீரில் கரைத்து அளிப்பது கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

பிரிதல், வேலை, திருமணம்: விழிப்புடன் இருங்கள்

- குழந்தையின் சட்டைப் பையில் பெயர், பெற்றோர் பெயர், கைபேசி எண் எழுதிய அட்டையை வையுங்கள். தமிழ் அறியாத குடும்பத்தின் குழந்தைக்கு இது மிக அவசியம்.
- "நாங்கள் படிக்க வைக்கிறோம்" எனக் கூறும் அறிமுகமற்றோரிடம் குழந்தையை ஒப்படைக்காதீர்கள்.
- தனித்து விடப்பட்ட குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் 1098 எண்ணுக்கோ, காவல்துறைக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிப்பது 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி கடமையாகும். நல்லெண்ணத்துடன்கூட வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.
- இழப்பை ஈடுசெய்யப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாதீர்கள். 18 வயது நிறையாதோரைப் பட்டாசு உள்ளிட்ட ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவது சட்டப்படி குற்றம். வறுமையைக் காரணம் காட்டி 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வதும் குற்றமே.

மருத்துவ உதவி எப்போது தேவை?

- அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அல்லது நாளுக்கு நாள் அதிகரித்தால்.
- குழந்தை உணவையோ பேச்சையோ முற்றிலும் தவிர்த்தால்.
- "நானும் செத்துப்போகிறேன்" என்பது போன்ற சொற்களைக் கூறினால், அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், உடனடியாக உதவி நாடுங்கள். குழந்தையைத் தனியே விடாதீர்கள்.
- அன்றாடப் பணிகளைச் செய்ய இயலாத அளவுக்குப் பெற்றோர் சோர்வுற்றால்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். தேவைப்படின், ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம்.

உதவி எண்கள்

- 14416: டெலி மனாஸ் மனநல ஆலோசனை. 24 மணி நேரமும் கட்டணமின்றி, தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் இருப்போரும் இதே எண்ணை அழைக்கலாம்.
- 1098: குழந்தைகள் உதவி எண்
- 104: மருத்துவ ஆலோசனை
- 108: அவசர ஊர்தி
- 1077: மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை

இப்பக்கத்தின் தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.